அடைப்பு இல்லை என்றார்கள்; ஆனாலும் மூச்சு வாங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 38. ஓராண்டாக இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. முதலில் வாயுத் தொல்லை என்றார்கள். பிறகு ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். அதற்கும் பிறகு மனப்பதற்றம் என்றார்கள். ஈசிஜியில் லேசான மாற்றம் இருப்பதாகச் சொல்லி ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். என் அப்பா 46 வயதில், நடந்துகொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து இறந்தார். மாரடைப்பு என்று சொன்னார்கள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை. மூன்று மாதங்களுக்கு முன், 26 வயதாகும் என் தம்பி கால்பந்து ஆட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்து, அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். சாப்பிடாமல் ஆடியதால் வந்த மயக்கம் என்று சொல்லி மருத்துவரிடம் வர மறுக்கிறான். இதயத் தசை நோய் என்று ஒன்று இருப்பதாக அண்மையில் படித்தேன். அதன் அறிகுறிகளை நாமே எப்படிக் கண்டுகொள்வது? என் ஒன்பது வயது மகனையும் பரிசோதிக்க வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைவிட, போகிற போக்கில் சொல்லிச் சென்றிருக்கும் மூன்று செய்திகளே என் கவனத்தை முதலில் பிடித்து நிறுத்தின: அப்பாவின் திடீர் மரணம், ஓட்டத்தின் நடுவில் தம்பி விழுந்தது, உங்களுடைய இரண்டாவது தலையணை. தனித்தனியாக வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் வேறொரு விளக்கம் சொல்லிவிடலாம். மூன்றும் ஒரே குடும்பத்தில் வந்திருக்கும்போது அப்படிச் சொல்வது எளிதல்ல. நேரில் பார்க்காமல் எந்த நோயையும் உறுதி செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இந்தக் குடும்ப வரலாற்றைக் கேட்ட இதய மருத்துவர், இதயத் தசை நோய் இல்லை என்று உறுதியாகும்வரை உங்களை விடக் கூடாது. மற்றவற்றை விரிவாகப் பார்ப்பதற்கு முன் ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். தம்பியைப் பரிசோதனை முடியும்வரை விளையாட்டு, வேகமான ஓட்டம், உடற்பயிற்சிக் கூடம் ஆகிய மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது ‘அடைப்பு இல்லை’ என்ற வாசகத்துக்கு வருவோம். இதய நோய் என்றாலே ரத்தக்குழாய் அடைப்பு, நெஞ்சு வலி, ஆஞ்சியோகிராம் என்ற ஒரே படம்தான் பெரும்பாலோர் மனத்தில் இருக்கிறது. ஆனால் இதயம் முதன்மையாக ஒரு தசை. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் தசை. அந்தத் தசைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களின் உட்புறத்தை மட்டுமே ஆஞ்சியோகிராம் காட்டுகிறது. தசைச்சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது, எவ்வளவு தளர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் தழும்பாகிவிட்டது என்பவை அதில் தெரிவதில்லை. மோட்டாருக்கு வரும் மின்கம்பி அறுபடாமல் இருக்கிறது என்பதை வைத்து, மோட்டாரும் பழுதில்லாமல் ஓடுகிறது என்று முடிவு கட்ட முடியுமா? உங்களுக்குச் செய்த பரிசோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. குழாய்களில் அடைப்பு இல்லை என்று தெரிந்துகொள்வது தசை நோயைக் கண்டறியும் வழியில் தேவையான ஒரு படிதான். அந்தப் படியோடு பயணம் முடிந்துவிட்டதாக எண்ணியதுதான் பிழை.

இதயத் தசை நோயைக் குறிக்கும் கார்டியோமயோபதி என்ற சொல் 1957-ஆம் ஆண்டு வாலஸ் பிரிக்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கட்டுரை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே டொனால்டு டியர் என்ற நோய்க்குறியியல் வல்லுநர், திடீரென்று இறந்துபோன இளவயதினர் சிலரின் இதயங்களில் நடுச்சுவர் ஒரு பக்கமாகத் தடித்திருந்ததை விவரித்தார். அதுவரை அத்தகைய மரணங்களுக்கு எழுதப்பட்டிருந்த காரணங்கள் என்னவாக இருந்திருக்கும் என்பதை, உங்கள் அப்பாவின் கதையைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். பிரேதப் பரிசோதனை இல்லாமல் ‘மாரடைப்பு’ என்று எழுதப்படும் இளவயது மரணங்களில் எல்லாமே மாரடைப்பு ஆவதில்லை.

இந்த நோய் ஒன்றல்ல, ஒரு குடும்பம். இடது கீழறை பெரிதாகித் தளர்ந்து, ரத்தத்தை வெளியே தள்ளும் வலிமை குறைவது ஒரு வகை. இதில் மரபணுக் கோளாறு, வைரஸ் தொற்றுக்குப் பிந்திய அழற்சி, பல ஆண்டுக் குடிப்பழக்கம், சில புற்றுநோய் மருந்துகள், தைராய்டு கோளாறு, கட்டுப்படாத அதிவேகத் துடிப்பு எனக் காரணங்கள் பல. சுவர் காரணமில்லாமல் தடித்துப்போவது இரண்டாவது வகை. ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணிக்கப்படும் இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. சுவர் விறைத்துப்போய், ரத்தத்தை உள்வாங்கவே இடம் கொடுக்காதது மூன்றாவது வகை. நான்காவதில் தசையின் இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்கின்றன. இதயம் பார்வைக்கு நன்றாகவே இருக்க, துடிப்பின் ஒழுங்கு மட்டும் ஆபத்தான முறையில் கெடும். பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. வகைகள் பலவானாலும் வெளியே தெரியும் அறிகுறிகள் சிலவே என்பதும், அவை ஒவ்வொன்றும் வேறொரு சாதாரணத் தொல்லையின் வேடத்தில் வருகின்றன என்பதும்தான் நீங்கள் அறிய வேண்டியவை. ஆகவே ‘என்ன அறிகுறி’ என்று கேட்பதைவிட, அது எப்போது வருகிறது, எந்த நிலையில் வருகிறது, எதனால் தணிகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கு வந்தது என்று கேட்பதே நோயைப் பிடித்துக் கொடுக்கும்.

முதலில் மூச்சு. இதயம் தளர்ந்தாலும் விறைத்தாலும், இடது பக்கத்துக்கு வந்து சேரும் ரத்தம் தேங்கி, அதன் அழுத்தம் பின்னோக்கி நுரையீரல் வரை ஏறுகிறது. ஓய்வாக இருக்கும்போது இது தெரியாது. மாடி ஏறும்போதும், சுமை தூக்கும்போதும், வேகமாக நடக்கும்போதும்தான் தெரியும். உங்கள் வயதுடைய மற்றவர்களோடு ஒப்பிடுவதைவிட, ஆறு மாதத்துக்கு முந்திய உங்களோடு ஒப்பிடுவது நல்லது. மனிதர்கள் மிகவும் சாமர்த்தியமாகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். மின்தூக்கியைத் தேடுவது, நடுவழியில் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் நிற்பது, கடைசியாக நடந்து வருபவராக மாறுவது ஆகியவற்றை அவர்களே கவனிப்பதில்லை. ‘எனக்கு மூச்சு வாங்குவதில்லை’ என்று சொல்லும் பலரிடம், வீட்டில் உள்ளவர்களைக் கேட்ட பிறகுதான் உண்மை வெளிவரும்.

உங்கள் தலையணைக்கு வருகிறேன். படுத்தவுடன் கால்களிலும் வயிற்றிலும் தங்கியிருந்த நீர்மம் மார்புப் பக்கம் திரும்புகிறது. நலிந்த இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாதபோது நுரையீரல் நனைந்து மூச்சு முட்டுகிறது. தலையை உயர்த்தினால் தணிகிறது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறவர்களும் உண்டு. இதைவிடத் தெளிவான அறிகுறி, தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி விழித்து, எழுந்து உட்கார்ந்தோ சன்னலருகே நின்றோ காற்றைத் தேடுவது. குனிந்து செருப்பு வாரைப் போடும் அரை நிமிடத்துக்குள் மூச்சு இறுகுவதும் இதே கதையின் இன்னொரு வடிவம். படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமலையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்; இருமல் மருந்து மாதக்கணக்கில் குடித்தும் போகவில்லை என்றால் இதயத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்துமாவிலும் இரவில் மூச்சுத் திணறும், நனைந்த நுரையீரலிலும் இழுப்புச் சத்தம் கேட்கும் என்பதால் இந்த இரண்டும் குழம்புவது இயல்பு. ஆனால் சிறுவயதிலிருந்து ஒவ்வாமை எதுவும் இல்லாத ஒருவருக்கு 37 வயதில் புதிதாக ஆஸ்துமா வந்து, இன்ஹேலருக்கும் அடங்கவில்லை என்றால், அந்த முடிவை மறுபடியும் பார்க்க வேண்டும். மனப்பதற்றத்தில் வரும் மூச்சு வேறு மாதிரி: சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ‘ஆழமாக இழுத்தாலும் நிறையவில்லை’ என்ற பெருமூச்சாக வரும், உதட்டைச் சுற்றியும் விரல்நுனியிலும் மரத்துப்போகும், மாடி ஏறும்போது அதிகமாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. நடந்தால் வருவதும், நின்றால் தணிவதும், படுத்தால் மீண்டும் வருவதுமான மூச்சு மனத்தில் பிறந்ததாக இருப்பது அரிது. இதைச் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நடுவயதுப் பெண்களின் மூச்சுத் திணறலுக்குப் பதற்றம் என்று பெயர் வைத்து மூடிவிடுவதை என் துறையினரிடமே நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

வீக்கம் அடுத்தது. மாலையில் கணுக்காலில் காலுறையின் தடம் ஆழமாகப் பதிவதும், முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்பதும் நீர் தேங்குவதன் அடையாளங்கள். இரண்டு காலிலும் சேர்ந்து வருவதே இதயத்தால் வரும் வீக்கத்தின் வழக்கம். ஒரு காலில் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கினால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதற்கும் அவசரம் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, நாளப் புடைப்பு என்று வீக்கத்துக்கு வேறு காரணங்கள் நிறைய இருப்பதால், வீக்கத்தை மட்டும் வைத்து யாரும் பயந்துவிட வேண்டாம். வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடைக்கருவி சொல்லிவிடும்: உணவில் மாற்றம் எதுவும் இல்லாமல் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பாக இருக்க முடியாது, நீர்தான்.

வயிறு பலரை ஏமாற்றும் இடம். கல்லீரலும் குடலும் நீர்கோத்து வீங்கும்போது நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும், வலது விலாவின் கீழே கனக்கும், குமட்டும், உப்புசமாக இருக்கும். இளவயதினரிடமும் சிறுவரிடமும் மூச்சுத் திணறலுக்கு முன்பே இந்த வயிற்றுத் தொல்லைதான் தெரிவதுண்டு. வாயுத் தொல்லைக்கான மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இவற்றோடு காரணம் தெரியாத களைப்பு, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, கைகால் குளிர்ந்து கிடப்பது ஆகியவையும் சேர்ந்திருக்கும்போது மருத்துவர்கள் ‘இதயச் செயலிழப்பு’ என்று சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு இதயம் நின்றுவிடப் போகிறது என்று அழுதவர்கள் உண்டு. தேவைக்குத் தகுந்த அளவு ரத்தத்தை அனுப்ப இதயம் திணறுகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நல்ல பெயர் கிடைக்காதது மொழியின் குறை.

இனி மயக்கம். உங்கள் கடிதத்திலேயே அவசரமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெகுநேரம் நின்றாலோ, வெக்கையான கூட்டத்தில் இருந்தாலோ, ஊசியைப் பார்த்தாலோ வரும் சாதாரண மயக்கம் சொல்லிக்கொண்டு வரும்: கண் இருளும், வியர்க்கும், குமட்டும், காது அடைக்கும், உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவருக்கே தோன்றும். இதயத்தின் துடிப்பு தாறுமாறாவதால் வரும் மயக்கம் பெரும்பாலும் முன்னறிவிப்பு இல்லாமல், விளக்கை அணைத்ததுபோல் வரும். கையூன்றக்கூட நேரம் இருக்காது, ஆகையால் முகத்திலும் பல்லிலும் அடிபடும். சில சமயம் விழுவதற்கு முன் சில விநாடிகள் நெஞ்சு பறப்பதுபோல் படபடக்கும். விழித்ததும் தெளிவு விரைவில் திரும்பிவிடுவதால், ‘ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது’ என்று எல்லாரும் ஆறுதல் அடைந்துவிடுவார்கள். ஓடி முடித்து நின்ற பிறகு வரும் மயக்கத்துக்குப் பெரும்பாலும் சாதுவான காரணங்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தால், இதயத்தைச் சோதித்து முடிக்கும்வரை அதை ஆபத்தானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் தம்பி விழுந்தது இந்த இரண்டாவது விதத்தில். அவர் அன்று சாப்பிடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பசி காரணமாக இருந்திருந்தால் வியர்வையும் நடுக்கமும் முன்னால் வந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகே தெளிந்திருக்கும். அரை நிமிடத்தில் தானாக எழுந்திருக்கமாட்டார்.

தடித்த இதயத்தில் ஏன் இப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பல விஷயங்கள் விளங்கும். இடது கீழறையின் நடுச்சுவர் தடித்து, ரத்தம் வெளியேறும் வாசலை நெருக்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் இதழும் அந்த வாசல் பக்கம் இழுக்கப்பட்டு இன்னும் அடைக்கிறது. இதயத்துக்குள் ரத்தம் நிறைந்திருந்தால் வாசல் அகலும், குறைந்தால் சுருங்கும். அதனால்தான் நீர்ச்சத்து வற்றிய நாளிலும், சடாரென்று எழுந்து நிற்கும்போதும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இவர்களுக்குத் தொல்லை அதிகமாகிறது. இதே காரணத்தால்தான் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் வேறு சில மருந்துகள், அளவுக்கு மிஞ்சிய நீர்ப்போக்கு மாத்திரை ஆகியவை இந்த வகையினருக்குத் தீங்கு செய்யக்கூடும். நெஞ்சு இறுக்கம் வந்தால் வீட்டில் யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை எடுத்து நாக்கின் அடியில் வைக்கும் பழக்கம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பரிசோதனை முடியும்வரை அதைக் கைவிடுங்கள். தடித்த தசைக்கு ரத்தம் போதாததால், அடைப்பே இல்லாமலும் உண்மையான நெஞ்சு வலி இவர்களுக்கு வரும்.

விழுந்தவரின் கைகால் சில விநாடி வெட்டி இழுப்பது வலிப்பு நோயில் மட்டுமே வரும் என்று நினைக்க வேண்டாம். மூளைக்கு ரத்தம் நின்றுபோனாலும் அப்படி இழுக்கும். ஈசிஜிகூட எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்குப் பின்னாளில் இதயக் கோளாறு என்று தெரியவந்த வரலாறுகள் மருத்துவ நூல்களில் ஏராளம்.

படபடப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஓய்வில் இருக்கும்போது திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்பது, நாடி ஒழுங்கில்லாமல் அடிப்பது, படபடப்போடு தலைசுற்றுவது ஆகியவை கவனத்துக்கு உரியவை. தடித்த இதயம் உள்ளவர்களுக்கு மேலறைகள் ஒழுங்கிழந்து துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்; ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவைப்படும்.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும், படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் பிரசவமாகி ஐந்து மாதம் வரை இதயத் தசை தளர்ந்துபோகும் ஒரு வகை உண்டு. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவதும் மூச்சு வாங்குவதும் வழக்கம்தானே என்று விட்டுவிடுவதாலேயே அது தாமதமாகத் தெரிகிறது. படுக்க முடியாத மூச்சும், பிரசவத்துக்குப் பிறகு குறைவதற்குப் பதில் கூடும் வீக்கமும் வழக்கமானவை அல்ல. இன்னொன்று, அறுபதைத் தாண்டியவர்களிடம் அமிலாய்டு என்ற புரதம் இதயத் தசையில் படிந்து வரும் விறைப்பு நோய். இதன் முதல் தடயம் நெஞ்சில் இல்லை, மணிக்கட்டில் இருக்கும்: இரண்டு கைகளிலும் நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போய் அறுவை செய்துகொண்டவர்கள், பல ஆண்டு கழித்து மூச்சுத் திணறலோடு வருவார்கள். பல காலம் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று அழுத்தம் தானாகவே இறங்கி மாத்திரை தேவையில்லாமல் போவதை வீட்டில் எல்லாரும் நல்ல செய்தியாகக் கொண்டாடுவார்கள். மூச்சுத் திணறலும் கூடவே இருந்தால் அது கொண்டாட வேண்டிய செய்தியாக இருக்காது.

உங்களுக்கு என்ன பரிசோதனை தேவை? முதலில், ‘லேசான மாற்றம்’ என்று சொன்ன அந்த ஈசிஜி காகிதத்தைத் தேடி எடுங்கள். தடித்த இதய நோயில் மிகப் பெரும்பாலோரின் ஈசிஜி இயல்பாக இருப்பதில்லை. ஒலியலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோவில் தடிப்பு தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அது மாறிவிடுவதும் உண்டு. அடுத்தது எக்கோ. ஆஞ்சியோகிராம் எடுத்தபோது எக்கோவும் எடுத்திருந்தால் அந்த அறிக்கையில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு, இ.எஃப். என்று எழுதியிருக்கும், 55 முதல் 70 வரை இயல்பு. மற்றொன்று இடது கீழறைச் சுவரின் தடிமன். வளர்ந்தவர்களிடம் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, அதை விளக்கும் அளவுக்கு ரத்த அழுத்தமோ வால்வு நோயோ இல்லை என்றால் தடித்த இதய நோய் என்று கொள்ளப்படும். ரத்த உறவில் ஒருவருக்கு அந்நோய் உறுதியாகியிருந்தால் 13 மில்லிமீட்டரே போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: தடித்த இதயத்தில் இ.எஃப். இயல்பாக, ஏன், இயல்புக்கு மேலாகவே இருக்கும். ‘65 சதவீதம், பம்பிங் அருமை’ என்று கேட்டு நிம்மதியாக வீடு திரும்பியவர்கள் சுவரின் தடிமனைக் கேட்கவே இல்லை. தளர்ந்த இதயத்தில்தான் அந்த எண் இறங்கும்.

எக்கோ எடுக்கும்போது மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும், தேவையானால் நடக்க வைத்தும் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போது மறைந்திருக்கும் நெருக்கடி அப்போதுதான் வெளிப்படும். நல்ல மருத்துவர் அதற்கும் முன்பே ஸ்டெதஸ்கோப்பால் ஒரு துப்பைப் பிடித்துவிடுவார்: இந்த நோயின் முணுமுணுப்பு ஒலி, நோயாளி எழுந்து நின்றால் கூடும், குந்தி உட்கார்ந்தால் குறையும். தேவைக்கேற்ப ஒன்று முதல் சில நாள் வரை துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவி, தசையில் தழும்பைக் காட்டும் இதய எம்ஆர்ஐ, இதயத்தின் திணறலை அளக்கும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை, ரத்தசோகையும் தைராய்டும் பார்ப்பது ஆகியவை தொடரும். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் வீட்டு ரத்த அழுத்தக் கருவியும் சரியாகக் காட்டுகின்றன என்பதை வைத்து எதையும் தள்ளிப்போட வேண்டாம். தொடக்க நிலையில் அவை சரியாகத்தான் இருக்கும்.

மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரம்பரை வகைகளில் பெரும்பாலானவை, பெற்றோரில் ஒருவரிடம் கோளாறான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்புடன் கடக்கின்றன. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. ஆகவே வரிசை இப்படி அமையும்: முதலில் தம்பி, அவரோடு நீங்கள். உங்களில் ஒருவருக்கு நோய் உறுதியானாலும், மகனுக்கு ஈசிஜியும் எக்கோவும் தேவைப்படும். உங்களுக்கே உறுதியானால் உடனே. அவனுக்கு ஏற்கெனவே மயக்கமோ, ஓடும்போது நெஞ்சு வலியோ, கூட விளையாடும் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குவதோ இருந்தால் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். அவனுடைய முதல் எக்கோ நன்றாக இருந்தால் அத்தோடு முடிந்துவிடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுவர் தடிப்பது பெரும்பாலும் வளரிளம் பருவத்தில்தான். எனவே சிறுவருக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறையும், வளர்ந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் மீண்டும் பார்ப்பது முறை. மரபணுப் பரிசோதனையை நோய் உறுதியானவரிடமிருந்தே தொடங்க வேண்டும்; அவரிடம் குறிப்பிட்ட பிழை கண்டுபிடிக்கப்பட்டால்தான் மற்றவர்களிடம் அது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில் பொருள் இருக்கும்.

மருத்துவரிடம் போகும் முன் மூன்று தலைமுறைக்கு ஒரு வம்சப் படம் வரைந்துகொள்ளுங்கள். அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று எல்லாரையும் சேர்த்து, யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று எழுதுங்கள். இதய நோய் என்ற சொல் அடிபட்ட மரணங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர் நீரில் மூழ்கியது, எதிரே எந்த வண்டியும் இல்லாமல் நடந்த விபத்து, தூக்கத்தில் போன இளைஞர், வலிப்பு என்று சொல்லப்பட்டவர், சிறு வயதிலேயே பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஆகியோரும் அந்தப் படத்தில் இடம்பெற வேண்டும். இந்த ஒரு தாள், பல பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும். இதுவரை நீங்கள் பார்த்த மருத்துவர்களில் ஒருவராவது அப்பாவைப் பற்றிக் கேட்டார்களா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத் திணறல், கால் மணி நேரத்தைக் கடந்தும் நீங்காத நெஞ்சு வலி, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், மீண்டும் ஒரு மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் முன்பதிவு நாளுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தம்பியோடு வசிப்பவர்கள் நெஞ்சழுத்த முதலுதவியைக் கற்றுவைத்துக்கொள்வது நல்லது. விழுந்தவர் அசைவில்லாமல், இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் உதவிக்கு அழைத்துவிட்டு உடனே நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தத் தொடங்க வேண்டும்.

நோய் உறுதியானால் என்னாகும் என்ற பயம் உங்கள் வரிகளுக்கிடையில் தெரிகிறது. தடித்த இதயம் உள்ளவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள். சிலருக்கு மாத்திரைகூடத் தேவைப்படுவதில்லை. திடீர் ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணிக்கும் முறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு, துடிப்பு கெடும் கணத்தில் மின்னதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியைத் தோலுக்கடியில் வைத்துவிடலாம். வாசலை நெருக்கும் தசையை அறுவையால் செதுக்கி எடுக்கலாம். இந்த நெருக்கடிக்கென்றே உருவாக்கப்பட்ட மேவகாம்டென் என்ற மருந்துக்கு 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தளர்ந்த இதயத்திலோ, இன்றைய மருந்துகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டவர்களில் கணிசமானோருக்கு இ.எஃப். மீண்டும் ஏறுகிறது. ஆனால் எண் ஏறிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்தியவர்களுக்கு அது மறுபடியும் இறங்குகிறது.

தம்பி வர மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தாறு வயதில் ‘உன் இதயத்தில் கோளாறு இருக்கலாம்’ என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது; அப்பாவின் மரணத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் இன்னும் விலகிப் போவார். அவரிடம் உங்கள் மூச்சுத் திணறலைச் சொல்லுங்கள். ‘எனக்குப் பரிசோதனை செய்கிறார்கள், உடன்பிறந்தவரையும் பார்த்தால்தான் எனக்கு என்ன என்று தெளிவாகும் என்று மருத்துவர் சொல்கிறார்’ என்று கூறுங்கள். இது தந்திரம் இல்லை, உண்மை. ஈசிஜியும் எக்கோவும் ஊசி இல்லாதவை, வலி இல்லாதவை, இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். வரும்போது, அன்று மைதானத்தில் அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்த நண்பர் ஒருவரையும் அழைத்து வரச் சொல்லுங்கள். விழுந்தவருக்கு அந்த அரை நிமிடம் நினைவில் இருக்காது. பந்து காலில் இருக்கும்போதே விழுந்தாரா, நின்ற பிறகு விழுந்தாரா, முகம் வெளுத்ததா, கை முன்னால் நீண்டதா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல அந்த நண்பரால்தான் முடியும்.